படத்தில் தெரியாத மேடு

வெளிநாடு போகிறவர்களின் பத்திரங்களை மொழிபெயர்த்துக் கொடுப்பது என் தொழில். அந்த வெளிநாட்டில் எந்தத் தெருவில் குடியிருந்தால் நல்லது என்று சொல்வது என் தலையெழுத்து.

மருதனார்மடம் சந்தைக்கு எதிரே, வாழைக்குலைக் கடைக்கு மேல்மாடியில் என் அலுவலகம். அலுவலகம் என்றால் இரண்டு மேசை, ஒரு கணினி, ஒரு போட்டோக்கொப்பி மெஷின், வாசலில் 'சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்' என்று ஒரு பலகை. பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, பள்ளிக்கூட விடுகைப் பத்திரம் எல்லாம் தமிழில் வந்து ஆங்கிலத்தில் போகும். கடைசிப் பக்கத்தில் முத்திரை குத்தியதும் வந்தவர் எழும்பிப் போகவேண்டும், இல்லையா? போகமாட்டார். கதிரையை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு, "அண்ணை, உந்தக் கொம்பியூட்டரிலை ஒருக்கா அந்த ஊரை அடிச்சுப் பாருங்கோவன்" என்பார். நான் கடல் தாண்டாதவன். கொழும்புக்கு அப்பால் எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்தத் திரையில் வருகிற வரைபடமும் தெருப்படமும்தான். ஆனாலும் பதினாறு வருடமாக ஊர் ஊராக, தெருத் தெருவாகக் காட்டிக்கொண்டிருக்கிறேன். குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு நாடு விட்டு நாடு போக வீடு தேடியவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அந்தக் கதிரையில் இருந்தவருக்குத்தான் அதன் சூடு தெரியும்.

இந்த வருடம் அதில் நானே இருக்கவேண்டி வந்தது. என் மனைவி றஞ்சினி தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் தாதி. இங்கிலாந்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. கணவனையும் பிள்ளையையும் கூட்டி வரலாம் என்றார்கள். வேலை தந்த நிர்வாகத்துக்கு இரண்டு ஊர்களில் இரண்டு ஆஸ்பத்திரிகள். எந்த ஊர் என்று பத்து நாளில் அறிவிக்கவேண்டும். ஒன்று என் அக்கா இருக்கிற ஊர். மற்றது கடற்கரை ஊர். எங்கள் ஒரே மகள் ஷெரினுக்குப் பத்து வயது. பிறக்கும்போதே இடது காலில் பலமில்லை. பட்டி போட்ட சப்பாத்தோடுதான் நடப்பாள். ஆனால் வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஒருவர் துணையும் இல்லாமல் தானே போய்த் தானே வருவாள். சைக்கிளில் ஏற்றிப் போகிறேன் என்று சொன்னால் அன்று முழுக்க என்னோடு கதைக்கமாட்டாள். போகிற ஊரிலும் அவள் தன் காலால் பள்ளிக்கூடம் போகவேண்டும். எங்களுக்கு வேண்டியது அது ஒன்றுதான். அந்தப் பத்து நாளும் என் பழைய வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக மனதில் வந்து போனார்கள்.

இரண்டு விரல் தூரம்

எங்கள் ஆட்களுக்கு இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் எல்லாமே லண்டன்தான். கொடிகாமத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். கணவருக்கு ஸ்கொட்லாந்தின் வடக்கில் வேலை. லண்டனில் இருக்கிற அவருடைய அத்தான், "அப்ப சனி ஞாயிறிலை நாங்கள் எல்லாரும் உங்களிட்டைத்தான்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாராம். ஆகவே ஐந்து அறை வீடு வேண்டும். கணவர் திரையில் விரலை வைத்து அளந்தார். "ரெண்டு விரல்தானே. இப்ப கொடிகாமத்திலை இருந்து யாழ்ப்பாணம் காட்டேக்கையும் ரெண்டு விரல்தான் வந்தது" என்றார்.

வந்தது உண்மைதான். அப்போது நான் படத்தைப் பெருப்பித்து வைத்திருந்தேன். இப்போது ஒரு நாடே அதற்குள் அடங்கியிருந்தது. ரயிலில் போனாலும் ஏழு மணித்தியாலம் வரும் என்று நான் சொன்னதும் மனிதருடைய முகம் விழுந்துவிட்டது. வேறு ஊரில் வேலை கேட்டுப் பார்ப்போமா என்று யோசிக்கத் தொடங்கினார். அதுவரை வாயே திறக்காமல் இருந்த மனைவி அப்போதுதான் கதைத்தார்: "வேண்டாம் அண்ணை. ஏழு மணித்தியாலமெண்டால் நல்ல தூரம். வீட்டை அங்கையே பாருங்கோ, ரெண்டு அறை போதும்."

நடுச்சுவர்

ஓய்வுபெறுவதற்கு இன்னும் பல வருடம் இருந்தும் வேலையை விட்டுவிட்டு மனைவி பிள்ளைகளோடு புறப்பட்ட ஒரு கிளாக்கர். பக்கத்து வளவுக்காரரோடு அவருக்கு வேலி வழக்கு ஒன்று நெடுங்காலமாக இருந்தது. வேலிக் கதியால் ஒன்று அரை முழம் இந்தப் பக்கம் வந்துவிட்டதாம். அவர் நிம்மதியாக இருப்பதற்காகவே நாட்டை விடுகிறார் என்று ஊரில் ஒரு கதை. அவருக்கு நான் காட்டிய வீடு இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கில் இருக்கிற வகை. இரண்டு வீடுகள் தோளோடு தோள் ஒட்டினமாதிரி, நடுவில் ஒரே சுவர்.

"இந்தச் சுவர் ஆரின்ரை?" என்றார். இரண்டு வீட்டுக்கும் பொது என்றேன். "ஆணி அடிக்கலாமோ?" அடிக்கலாம் என்றேன். "மற்றவனும் அடிப்பானோ?" அவனும் அடிப்பான், ஆனால் அங்கே அதற்கெல்லாம் யாரும் பெரிதாகச் சண்டைக்கு வருவதில்லை என்று சமாதானம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அந்தச் சுவரை மறுபடி பார்த்தார். "பொதுச்சுவரை வைச்சுக்கொண்டு சண்டை பிடிக்காமல் இருக்கினமோ? அப்ப அவையளுக்குப் பொழுது எப்பிடித் தம்பி போகுது?"

மூன்று கிழமையாக நிற்கிற மனிதர்

தொண்டைமானாற்றைச் சேர்ந்த பரமேஸ்வரியின் கணவர் ஒன்றரை வருடமாகத் தனியாக இங்கிலாந்தில் இருந்தவர். வதிவிட அனுமதி கிடைத்ததும் மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் கூப்பிட்டார். வீட்டை நீயே தெரிவு செய், நான் எந்த அறையிலும் படுப்பேன் என்று சொல்லிவிட்டார். அந்தப் பெரிய மனது எத்தனை கணவர்மாருக்கு வரும்? கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பரமேஸ்வரி கிழமைக்கு ஒரு தடவை வந்து, கணவர் அனுப்பிய விலாசத்துத் தெருவைப் பார்ப்பார். அந்தத் தெருவின் படத்தில் ஒரு வீட்டு வாசலில் சாம்பல்நிறக் கோட்டோடு ஒரு வயதான மனிதர் நின்றார். முதற்கிழமையும் நின்றார். அடுத்த கிழமையும் நின்றார்.

மூன்றாவது கிழமை பரமேஸ்வரி திரையைப் பார்த்ததும் நெஞ்சில் கைவைத்தார். இது எப்போதோ ஒரு கார் போகிற போக்கில் எடுத்த படம், அந்த மனிதர் அன்றைக்கே வீட்டுக்குப் போயிருப்பார் என்று நான் விளங்கப்படுத்தினேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிறகு எழும்பிக் குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். "மூண்டு கிழமையா அந்த மனுசன் அதிலை நிக்குது அண்ணை. உள்ளுக்கு வாங்கோ எண்டு கேக்க ஒருத்தர் இல்லை. உந்தத் தெரு எனக்கு வேண்டாம், கடல் தெரியிற ஊராப் பாருங்கோ."

வெங்காயம் தெரிந்தெடுத்தவர்கள்

வங்கியில் வேலை செய்த இளம் தம்பதி, இரண்டு சின்னப் பிள்ளைகள். அவர்களுடைய நிபந்தனை ஒன்றே ஒன்று: எங்கடை ஆட்கள் ஒருவரும் இல்லாத ஊர் வேண்டும். கலியாணவீடு, பிறந்தநாள், அவரைக் கேட்டார்கள் எங்களைக் கேட்கவில்லை என்ற தொல்லை ஒன்றும் வேண்டாமாம். மற்ற எல்லோரும் தமிழ்க்கடைக்குப் பக்கத்தில், கோயிலுக்குப் பக்கத்தில் என்று கேட்க, எனக்கு இது புதுவிதமான வேலை. தமிழ்க்கடையோ கோயிலோ தமிழ்ப் பள்ளிக்கூடமோ கிட்டத்தில் இல்லாத ஊர் ஒன்றைத் தேடிப் பிடித்துக் கொடுத்தேன். சந்தோசமாகப் போனார்கள். போகும்போது மாம்பழம் ஒரு பை நிறையத் தந்தார்கள்.

ஆறு மாதம் கழித்து மனைவி ஒரு குரற்பதிவு அனுப்பியிருந்தார். ஊர் நல்ல ஊர்தான், சனமும் நல்ல சனம்தான் என்று தொடங்கிக் கொஞ்சநேரம் சுற்றி வளைத்துவிட்டுச் சொன்னார்: "நேற்றுக் கடையிலை ஒரு தமிழ்ப்பெடியன் போனிலை ஆரையோ ஏசிக்கொண்டு நிண்டவன் அண்ணை, கண்டபடி ஏச்சு. அவன் ஏசி முடியுமட்டும் நானும் இவரும் பக்கத்திலை நிண்டு வெங்காயம் தெரிஞ்செடுத்தனாங்கள்."

இந்தக் குரற்பதிவை நான் றஞ்சினிக்கும் போட்டுக் காட்டினேன். அதோடு எங்கள் முடிவு ஏறக்குறைய ஆகிவிட்டது. அக்கா இருக்கிற ஊர்தான். அக்காவின் கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் இரண்டு பேரும் வேலை தேடித் தூரப் போய்விட்டார்கள். நாங்கள் வருவோம் வருவோம் என்று ஒன்பது வருடமாகக் காத்திருக்கிறா. வேலை கிடைத்த செய்தி கேட்ட அன்றே ஷெரினுக்கென்று ஒரு கட்டிலும் வாங்கிப் போட்டுவிட்டா. "பள்ளிக்கூடம் பத்து நிமிச நடை" என்று அவ சொன்னது எங்களுக்குப் போதுமாக இருந்தது.

ஈசன் மாஸ்டரின் எட்டு நிமிடம்

ஆறாம் நாள் காலை ஈசன் மாஸ்டர் தொலைபேசியில் வந்தார். கணிதம் படிப்பித்தவர்; மனைவியின் மேற்படிப்புக்காக இரண்டு மாதத்துக்கு முன்பு குடும்பத்தோடு இங்கிலாந்து போனவர். வேறோர் ஊர். அந்த வீட்டையும் நான்தான் காட்டினேன். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு எட்டு நிமிடம் என்று கணக்குப் பார்த்துச் சொன்னதும் நான்தான். இனி எங்கள் இரண்டு பேரையும் கோபிக்காமல் கேளுங்கள். நாங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டார். மலை என்று பெயரில் வைத்திருக்கிற கீரிமலையில்கூட ஏறுவதற்கு ஒன்றும் இல்லை. பிறந்த நாளிலிருந்து தட்டை நிலத்தில் சைக்கிள் மிதித்தவனுக்குத் தூரம் என்றால் நீளம் மட்டும்தான். ஒரு தெருவுக்கு உயரமும் இருக்கும் என்பது மூளைக்கு எட்டாது. படமும் அதைக் காட்டாது. எந்த மேட்டையும் அது தேய்த்துத் தட்டையாக்கிவிடும்.

மாஸ்டர் கோபத்தில் எடுக்கவில்லை, சிரிப்பை அடக்கமுடியாமல்தான் எடுத்தார். மேலும் கீழுமாக மூச்சு வாங்கியது. "அண்ணை, உங்கடை கணக்குச் சரி. போறதுக்கு எட்டு நிமிசம். திரும்பி வீட்டை ஏறி வர அரை மணித்தியாலம்!"

அக்காவின் தெரு

என்னால் சிரிக்க முடியவில்லை. கையில் இருந்த தேத்தண்ணீர் ஆறிப்போயிற்று. பதினாறு வருடத்தில் எத்தனை குடும்பங்களுக்குத் தெரு காட்டியிருக்கிறேன், ஒருவருக்கும் மேடு பள்ளம் பார்க்கவில்லை. என் சொந்த மகளுக்கும் பார்க்கவில்லை. உடனே அக்காவுக்கு எடுத்தேன். "அக்கா, உங்கடை றோட்டு மேடோ?" என்று கேட்டேன். "மேடோ? இல்லையே தம்பி, சாதாரண றோட்டு" என்றா. எனக்குச் சொல்லவே வாய் கூசியது, ஆனாலும் சொன்னேன்: "ஒருக்கா இடதுகாலை இழுத்து இழுத்து நடந்து பாருங்கோ அக்கா, எங்கடை பிள்ளை நடக்கிற மாதிரி." அக்கா போனை வைத்துவிட்டா. ஒன்பது வருடம் காத்திருந்தவவிடம் கேட்கிற கேள்வியா இது என்று றஞ்சினி என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

அடுத்த நாள் அக்கா எடுத்தா. நடந்து பார்த்தாவாம். பாதி வழியில் ஒரு வீட்டு மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாவாம். வழியால் போன ஒரு பெண் அம்புலன்ஸ் கூப்பிடவா என்று கேட்டாளாம். இரண்டு பேரும் கொஞ்சம் சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அவ தனக்காக ஒரு பொய் சொல்லியிருந்தால் போய் இறங்குமட்டும் எனக்குத் தெரியவந்திராது. நாங்களும் அங்கேயே போயிருப்போம். அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பதினெட்டு வருசம் இதிலை நடந்திருக்கிறன் தம்பி, இது மேடெண்டு எனக்கு நேற்றுத்தான் தெரியும். நீ இஞ்சை வரவேண்டாம். மற்ற ஊர் சரிவந்தால் அங்கை போ. பிள்ளையின்ரை கட்டிலை நானே கொண்டுவந்து தாறன்."

தள்ளுவண்டி

மற்ற ஊர் சரிவருமா? அதைச் சொல்ல அங்கே எனக்கு யார் இருக்கிறார்கள் என்று யோசித்தபோதுதான், கடல் தெரிகிற ஊராகப் பாருங்கோ என்று கேட்ட பரமேஸ்வரிக்கு நானே காட்டிய ஊர் அது என்பது நினைவுக்கு வந்தது. ஒரு செய்தி அனுப்பினேன். பள்ளிக்கூடத்தின் பெயர், றஞ்சினி பார்த்து வைத்த வாடகை வீட்டின் விலாசம், மகளின் கால். அவ்வளவுதான் எழுதினேன். வேலை இருக்கும், மூன்று பிள்ளைகள், பதில் வந்தால் பார்ப்போம் என்று இருந்தேன்.

அடுத்த நாள் ஒரு வீடியோ வந்தது, மூத்த பிள்ளை எடுத்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. குழந்தையைக் கணவர் தூக்கிக்கொண்டு குடை பிடித்தபடி பின்னால் வந்தார். குழந்தையின் தள்ளுவண்டியில் ஒரு அரிசிப் பையை வைத்துத் தள்ளிக்கொண்டு பரமேஸ்வரி முன்னால் நடந்தார். பத்துப் பத்து அடிக்கு ஒரு தடவை நின்று வண்டியிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டுப் பார்த்தார். வண்டி அசையவில்லை. மறுபடி நடந்தார், மறுபடி கையை எடுத்தார். தபாற்பெட்டி ஒன்றுக்குப் பக்கத்தில் மட்டும் வண்டி மெல்ல உருளத் தொடங்க, ஓடிப் பிடித்துவிட்டு அந்த இடத்தில் பிடித்து நடக்கக் கம்பி இருக்கிறது என்பதையும் தொட்டுக் காட்டினார். பள்ளிக்கூட வாசலில் படி இல்லை என்பதைக் காட்டுவதற்காக வண்டியை உள்ளே தள்ளி வெளியே இழுத்தார். நானும் றஞ்சினியும் அலுவலகத்துக்குள் நின்று அதைப் பார்த்தோம். எனக்கு இரண்டு மொழி தெரியும் என்று பலகை போட்டு வைத்திருக்கிறேன்; அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்ல இரண்டிலும் எனக்கு வாய் வரவில்லை. றஞ்சினி வாய்விட்டு அழுதாள். வீடியோவின் கடைசியில், நனைந்த முகத்தோடு பரமேஸ்வரி இப்படிச் சொன்னார்: "தூரம் கொஞ்சம் கூட அண்ணை, பதினெட்டு நிமிசம். ஆனா வண்டி தன்ரை பாட்டிலை ஓடினது அந்த ஒரு இடத்திலைதான். யோசிக்காமல் வாங்கோ."

பதினெட்டு நிமிடம்

இனி மகளுக்குச் சொல்லவேண்டும். இப்போது அவள் நடப்பது ஒன்பது நிமிடம். அங்கே அதில் இரண்டு மடங்கு. ஏலாது அப்பா என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் என்ன செய்வது? அக்காவின் ஊரும் போய்விட்டது. மாமியோடு இருக்கிற அவள் ஆசையும் போய்விட்டது. அவளை ஒரு வார்த்தை கேட்காமலே எல்லாவற்றையும் நாங்கள் இரண்டு நாடு அதிரக் கதைத்துக்கொண்டிருந்ததும் அப்போதுதான் உறைத்தது. நீங்களும் உங்கள் பிள்ளைகளைக் கடைசியில்தான் கேட்டிருப்பீர்கள். எனக்குத் தெரியும், இந்தக் கதிரைக்கு வந்த ஒருவரும் முதலில் கேட்டதில்லை. ஆறுதல் சொல்ல நாலைந்து வசனம் தயார் பண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

ஷெரின் சப்பாத்தின் பட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். வீடியோவைக் கையில் கொடுத்தோம். முழுவதையும் பார்த்தாள். ஓரிடத்தைத் திருப்பிப் போட்டு இன்னொரு தடவை பார்த்தாள். றஞ்சினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை நிமிர்ந்து எங்களைப் பார்த்த பார்வையில் லேசான எரிச்சல்தான் இருந்தது. "உந்த அன்ரி ஏன் இவ்வளவு மெல்லமா நடக்கிறா அப்பா? நான் உதைவிடக் கெதியாப் போவன்."

அடுத்த மாதம் புறப்படுகிறோம், ஆகவே அலுவலகத்தைப் பொறுப்பெடுக்க ஆள் தேடுகிறேன்: ஆங்கிலமும் முத்திரையும் இருந்தால் போதும், ஊர் பார்க்கிற வேலையை உங்களைவிட நன்றாகச் செய்ய வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள்.